ட்வைலைற் ஸோன்: போரிலிருந்து திரும்பிய ஒருவர் சொன்ன விசித்திரக் கதைகள்

ட்வைலைற் ஸோன் என்பதை அந்திநேரத்து மங்கல் வெளி என்று சொல்லலாம். பகலுமில்லை, இரவுமில்லை. 1959 ஒக்டோபர் 2ஆம் திகதி அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இந்தப் பெயருடன் ஒரு தொடர் ஆரம்பமானது. 1964 ஜூன் வரை ஐந்து பருவங்கள், 156 கதைகள். தொடர் என்றாலும் ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் தொடர்பு கிடையாது. வாராவாரம் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு காலம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவர் கதையை அறிமுகப்படுத்தும் ஒரு மனிதர் மட்டுமே. முதலில் குரலாக மட்டும் வந்தார். பின்னர் கையில் சிகரெட்டுடன் திரையிலும் தோன்றினார். அவர் பெயர் றொட் சேர்லிங். தொடரை உருவாக்கியவரும் அவர்தான். 156 கதைகளில் 92 அவர் எழுதியவை.

இத்தொடரைப் பற்றி எழுதுபவர்கள் வேற்றுக்கிரகவாசிகளையும் கடைசி நிமிடத் திருப்பங்களையுமே பெரும்பாலும் சொல்வார்கள். அவை உண்டுதான். ஆனால் நான் இதைப் பார்க்கத் தொடங்கியபோது என்னைப் பிடித்து இருத்தியது வேறொன்று. போர் முடிந்து வீட்டுக்கு வந்தும் போர் முடியாத ஒருவர் இந்தக் கதைகளை எழுதுகிறார் என்பது இரண்டாம் மூன்றாம் கதையிலேயே தெரிந்துவிடுகிறது.

சேர்லிங் 1924இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து பிங்ஹாம்ரன் என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவர். 1943இல் உயர்தரப் பாடசாலையை முடித்த கையோடு இராணுவத்தில் சேர்ந்தார். பரசூட் படைப்பிரிவு. ஹிட்லருக்கு எதிராகச் சண்டையிடவே விரும்பினார், ஆனால் அனுப்பப்பட்டது பிலிப்பைன்ஸுக்கு. லெய்ட்டே தீவின் காடுகளிலும் பிறகு மணிலா நகரத்துச் சண்டையிலும் நின்றார். காயப்பட்டார். லெய்ட்டேயில் விமானத்திலிருந்து போடப்பட்ட உணவுப் பெட்டியொன்று விழுந்து, அருகில் பகிடி சொல்லிக்கொண்டிருந்த நண்பர் அந்த இடத்திலேயே இறந்ததைக் கண்டவர். பசியோடிருந்தவர்களுக்கு வந்த சாப்பாடு அது. எந்த நியாயமும் இல்லாத அப்படியொரு சாவை எந்தக் கதையில் வைப்பது? நாடு திரும்பியபின் கெட்ட கனவுகள் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. எழுத வந்ததற்கு அதை மனதிலிருந்து இறக்கிவைக்கும் தேவையே காரணம் என்று அவரே கூறியிருக்கிறார்.

1950களின் நடுப்பகுதியில் அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதல்தர நாடக எழுத்தாளராகிவிட்டார். சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. அன்றைய தொலைக்காட்சி நாடகங்களுக்கு அனுசரணை வழங்கிய கம்பனிகளுக்கு வசனத்தில் கைவைக்கும் அதிகாரமும் இருந்தது. 1959இல் நியூரம்பேர்க் விசாரணை பற்றிய ஒரு நாடகம் ஒளிபரப்பானது. சேர்லிங் எழுதியதல்ல, ஆனால் காலத்தைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அனுசரணையாளர் எரிவாயு நிறுவனங்களின் சங்கம். எனவே யூதர்கள் கொல்லப்பட்ட விஷவாயு அறைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் வாயு என்ற சொல் மட்டும் ஒலியில்லாமல் ஆக்கப்பட்டது. நடிகரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

சேர்லிங்குக்கு நடந்தது இன்னும் பெரியது. 1955 ஓகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எமெற் ரில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கடத்திச் செல்லப்பட்டுச் சித்திரவதைக்குப் பின் கொல்லப்பட்டான். கொன்ற வெள்ளையர் இருவரையும், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் சபை விடுதலை செய்தது. சேர்லிங் இதை நாடகமாக்க முயன்றார். 1956இல் அது ஒளிபரப்பானபோது கொலையுண்டவர் எங்கிருந்தோ வந்த பெயரற்ற வெளிநாட்டவர். ஊர் தெற்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டிருந்தது. தெற்கை நினைவூட்டும் என்று மேசையிலிருந்த கொக்கா கோலாப் போத்தல்களைக்கூட எடுத்துவிட்டார்கள். 1958இல் மறுபடி முயன்றார். இம்முறை கதை 1870களுக்குத் தள்ளப்பட்டது, கொல்லப்பட்டவன் மெக்சிக்கோ இளைஞனாக்கப்பட்டான்.

ஒருவன் எங்கே, யாரால், ஏன் கொல்லப்பட்டான் என்ற மூன்றையும் நீக்கிவிட்டு அவன் சாவைப் பற்றிப் பேசச் சொன்னால் மிஞ்சுவது என்ன?

அடுத்த ஆண்டுதான் ட்வைலைற் ஸோன் வந்தது. ஒரு அமெரிக்க அரசியல்வாதி சொன்னால் வெட்டப்படும் வசனத்தை செவ்வாய்க் கிரகவாசி சொன்னால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதை சேர்லிங் விளங்கிக்கொண்டிருந்தார். தொடர் ஆரம்பிக்குமுன் தொலைக்காட்சிச் செவ்வியொன்றில், இனிச் சர்ச்சையான விடயங்களோடு மல்லுக்கட்டப் போவதில்லை என்ற தொனியில் பேசினார். அது பாதி ஒப்புக்கொள்ளல், பாதி ஏமாற்று என்றே எனக்குப் படுகிறது. அனுசரணையாளர் அப்போதும் விடவில்லை என்பது வேறு கதை. ஒரு கதையில் பிரித்தானியக் கப்பலில் தேநீர் கேட்கும் வசனம் இருந்தது. அனுசரணை கோப்பிக் கம்பனி. தேநீர் போயிற்று.

ஆனால் அந்தக் கதையின் உள்ளடக்கத்தை அவர்கள் தொடவில்லை. 1942இல் அத்திலாந்திக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பல். அதில் ஒரு ஜேர்மனியர், தான் எப்படி ஏறினேன் என்பதே நினைவில்லாமல், ஆனால் நள்ளிரவு தாண்டியதும் கப்பல் தாக்கப்படும் என்று நிச்சயமாகத் தெரிந்தவராக அலைகிறார். தாக்கும் நீர்மூழ்கியின் தளபதியே அவர்தான். தான் மூழ்கடித்த கப்பலின் பயணிகளோடு ஒவ்வொரு இரவும் மூழ்குவதே அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை.

1960இல் வந்த 'த பேர்ப்பிள் ரெஸ்ரமென்ற்' பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் நடக்கிறது. அன்று சாகப்போகிறவர்களின் முகத்தில் ஒரு லெப்டினன்ற்றுக்கு மட்டும் விநோதமான ஒளி தெரிகிறது. அவர் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியில் தன் முகத்திலேயே அந்த ஒளியைக் காண்கிறார். பின்தளத்துக்குப் போகும் ஜீப்பில் பேசாமல் ஏறிக்கொள்கிறார். வழியில் கண்ணிவெடிகள் இருக்கக்கூடும் என்று சொல்லப்படுகிறது. தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். இதில் வீரவசனம் எதுவுமில்லை. அடுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்த அனுபவமில்லாதவர் இதை எழுதியிருக்க முடியாது.

1961இன் கடைசியில் வந்த இன்னொரு கதையில், குகைக்குள் ஒதுங்கிக் கிடக்கும் நோயாளிகளும் காயக்காரருமான ஜப்பானியரைத் தாக்கச் சொல்லி ஓர் இளம் அமெரிக்க அதிகாரி கட்டளையிடுகிறார். திடீரென மூன்று ஆண்டுகள் பின்னால், ஜப்பானிய அதிகாரியாக நிற்கிறார். இப்போது குகைக்குள் கிடக்கும் காயக்காரர் அமெரிக்கர்கள். பதினாறு வருடங்களுக்கு முன் தன்னைச் சுட்ட இராணுவத்தைச் சேர்ந்தவனின் உடலுக்குள் பார்வையாளரைப் புகுத்திப் பார்க்கச் செய்தார் சேர்லிங். அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பரில் வந்த 'டெத்ஸ் ஹெட் ரீவிசிற்றட்' கதையை நான் இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை பார்க்க மனம் வரவில்லை. ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்த முன்னாள் கப்டன் ஒருவர், போர் முடிந்து பல வருடங்களின் பின் டாக்காவ் வதைமுகாமைப் பார்க்கத் திரும்பி வருகிறார். குற்ற உணர்வோடு அல்ல. பழைய பாடசாலையைப் பார்க்க வருபவரின் சந்தோஷத்தோடு வருகிறார். அங்கே அவர் கொன்றவர்கள் காத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது, தீர்ப்பு வருகிறது. ஜெருசலேமில் ஐக்மனின் வழக்கு தீர்ப்புக்காகக் காத்திருந்த வாரங்களில் இது ஒளிபரப்பானது. கதையின் முடிவில் வைத்தியர் ஒருவர், இந்த இடத்தை ஏன் இன்னும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று கேட்கிறார். இப்படிப்பட்ட இடங்களெல்லாம் அப்படியே நிற்கத்தான் வேண்டும் என்பதே சேர்லிங்கின் பதில். இடித்துவிட்டால் மறந்துபோகும் என்று எண்ணுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அமெரிக்காவில் அதிகம் அறியப்பட்டது 'மேப்பிள் வீதியில் பூதங்கள்' என்று சொல்லக்கூடிய கதை. 1960 மார்ச்சில் வந்தது. பல பாடசாலைகளில் இன்றும் இதன் நாடகப் பிரதியைப் படிப்பிக்கிறார்கள். ஒரு மாலை நேரத்தில் வீதி முழுவதும் கரண்ட் நின்றுபோகிறது, வாகனங்கள் கிளம்பவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் மனிதரைப் போன்ற ஒரு குடும்பத்தை முன்கூட்டியே அனுப்பி வைப்பார்கள் என்று ஒரு சிறுவன் தான் வாசித்த கதையைச் சொல்கிறான். அது போதுமாக இருந்தது. ஒருவரின் கார் தானாகக் கிளம்பியது, ஆகவே அவர்தான். அவர் இரவில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஆகவே அவர்தான். நடந்ததைப் பார்த்துவர அடுத்த வீதிக்குப் போன அயலவர் இருட்டில் திரும்பி வரும்போது சுட்டுக் கொல்லப்படுகிறார். மேலேயுள்ள குன்றில் நின்று கரண்டை நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்த இரண்டு வேற்றுக்கிரகவாசிகளுக்கு வேறு வேலையே இருக்கவில்லை. சுற்றிவளைப்பில் வரிசையில் நின்று தலையாட்டிக்கு முன்னால் நடந்தவர்களுக்கு இந்தக் கதையின் பயத்தை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த ஆண்டு வந்த 'த ஷெல்ரர்' பதுங்குகுழி பற்றியது. அணுகுண்டுக்குப் பயந்து வைத்தியர் ஒருவர் தன் குடும்பத்துக்கு மட்டும் போதுமான பதுங்கறை கட்டியிருக்கிறார். அபாய அறிவிப்பு வருகிறது. சற்று முன் அவருடைய பிறந்தநாள் விருந்தில் வாழ்த்திய அயலவர்களே கதவை உடைக்கிறார்கள். உடைக்கும்போதே தங்களுக்குள் யார் பிறநாட்டிலிருந்து வந்தவன் என்ற பேச்சும் எழுகிறது. அறிவிப்பு பொய்யாகிவிடுகிறது. இனி ஒருவரையொருவர் எப்படி முகம் பார்ப்பது என்ற இடத்தில் கதையை விட்டுவிடுகிறார்.

எல்லாம் இந்தத் தரத்தில் இல்லை. நகைச்சுவைக் கதைகள் பெரும்பாலும் மெலிந்தவை, சேர்லிங் சில இடங்களில் பிரசங்கம் செய்வார். 1964 மேயில் வந்த 'த என்கவுன்ரர்' பிழையாகவே போனது. அதை எழுதியது வேறொருவர். அதில் ஜப்பானிய வம்சாவளித் தோட்டக்காரர், தன் தந்தை பேர்ள் ஹாபரில் எதிரி விமானங்களுக்குச் சமிக்ஞை காட்டியதாக ஒப்புக்கொள்கிறார். வரலாற்றில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படியான சந்தேகத்தின் பேரில்தான் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்க முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜோர்ஜ் ரக்கேயும் சிறுவனாக முட்கம்பி வேலிக்குள் வளர்ந்தவர். எதிர்ப்புக் கிளம்பியது. பல தசாப்தங்களாக அந்தக் கதை மறுஒளிபரப்புகளில் சேர்க்கப்படவில்லை.

தொடரின் உரிமையை சேர்லிங் சி.பி.எஸ். நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். 1975 ஜூனில், 50ஆவது வயதில், இதய சத்திரசிகிச்சையின் பின் இறந்துபோனார். அதன் பிறகு பெயர் ஒரு வர்த்தகப் பொருளானது. 1982 ஜூலை 23 அதிகாலையில் ட்வைலைற் ஸோன் திரைப்படத்துக்காகக் கலிபோர்னியாவில் ஒரு வியட்நாமியக் கிராமம் போலியாக அமைக்கப்பட்டிருந்தது. ஹெலிகொப்டர் தாக்குதலிலிருந்து இரண்டு வியட்நாமியப் பிள்ளைகளை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. படப்பிடிப்புக்கு வைத்த வெடிகளால் நிலைகுலைந்து ஹெலிகொப்டர் அவர்கள்மேல் விழுந்தது. நடிகர் விக் மொரோவும் ஏழு வயதும் ஆறு வயதுமான இரண்டு ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். சட்டப்படி பிள்ளைகள் அந்த நேரத்தில் அங்கே நிற்கவே கூடாது. ஒரு பிள்ளையின் பெற்றோர் வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1987இல் இயக்குநர் ஜோன் லாண்டிஸ் உட்பட ஐவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். படம் 1983இலேயே திரைக்கு வந்துவிட்டிருந்தது.

தொடர் 1985இலும் 2002இலும் 2019இலும் மறுபடி உயிர்பெற்றது. 2003இல் மேப்பிள் வீதிக் கதையை மீண்டும் எடுத்தபோது, கரண்டை நிறுத்துவது வேற்றுக்கிரகவாசிகள் அல்ல, பயங்கரவாத அச்சத்தில் மக்கள் எப்படி நடப்பார்கள் என்று சோதிக்கும் சொந்த நாட்டு இராணுவம். பிரித்தானியாவின் 'பிளாக் மிரர்' 2011இல் எடுத்துக்கொண்டதும் வாரம் ஒரு தனிக்கதை என்ற இதே வடிவத்தைத்தான். ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2019இல் ஜோர்டன் பீல் அறிமுகம் செய்த பருவத்தின் 'ரீப்ளே'. கறுப்பினத் தாய் ஒருவர் தன் மகனைப் பல்கலைக்கழகத்துக்குக் காரில் அழைத்துச் செல்கிறார். ஒரு வெள்ளையினப் பொலிஸ்காரர் வழிமறிக்கிறார். தாயின் பழைய வீடியோக் கமராவில் ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் பின்னோக்கிப் போகும். எந்த வழியால் போனாலும் அந்தப் பொலிஸ்காரர் வருகிறார். இங்கே செவ்வாய்க் கிரகவாசி தேவைப்படவில்லை. ஊரும் நிறமும் உடையும் உள்ளபடியே காட்டப்பட்டன.

பார்க்க நினைப்பவர்கள் மேப்பிள் வீதியிலிருந்து தொடங்கலாம். ஒன்று சுமார் 25 நிமிடம், கறுப்பு வெள்ளை. அதன்பின் டாக்காவ் கதை. இரண்டுக்கும் நடுவே 'வோக்கிங் டிஸ்ரன்ஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையில் களைத்துப்போன ஒருவர் தன் பழைய ஊருக்கு நடந்தே போய்ச் சேர்கிறார். அங்கே தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள், தானும் பதினொரு வயதுப் பையனாக இருக்கிறார். தகப்பன்தான் கடைசியில் அவரை அடையாளம் கண்டு, இங்கே உனக்கு இடமில்லை, போ என்று அன்பாகச் சொல்லி அனுப்புகிறார். அந்தக் கதையில் வரும் குதிரை ராட்டினத்தை பிங்ஹாம்ரன் பூங்காவில் தான் சிறுவயதில் ஏறிய ராட்டினத்தை மனதில் வைத்தே சேர்லிங் எழுதினார். அது இன்றும் அங்கே சுற்றுகிறது. மேற்பலகைகளில் இத்தொடரின் காட்சிகளை வரைந்து வைத்திருக்கிறார்கள்.