நூலகத்திற்கு நூல் தேர்பவர் யார்?

கருங்கல் சந்தைக்குக் கூடையுடன் செல்லும் இல்லத்தரசி, கையிலுள்ள பணத்தை எண்ணியவாறே கடைகளைச் சுற்றி வருகிறாள். சந்தையில் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் வாங்கப் பணம் இல்லை. ஒன்றைக் கொள்ள வேண்டுமாயின் மற்றொன்றை விட வேண்டும். வீட்டிலுள்ள குழந்தைக்கு எது வேண்டும், முதியவருக்கு எது ஒவ்வாது என்பதை அவள் அறிவாள். ஆதலின் அவள் தேர்வு பெரும்பாலும் தவறுவதில்லை. பொது நூலகத்தின் நிலையும் இதுவே. அச்சேறும் நூல்களோ அளவிறந்தன. நூலகத்தின் பணமோ அளவுக்குட்பட்டது. எந்த நூலை வாங்குவது? எதை விடுவது? அதை முடிவு செய்பவர் யார்? இவ்வினாக்களுக்கு உலகமும் நம் நாடும் நம் குமரி மாவட்டமும் கண்ட விடைகளை, மாணவ நண்பர்களே, இன்று உங்களுடன் சிறிது ஆராய விரும்புகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு ஓராண்டு நூல்கள் வாங்கச் சிறு தொகை வந்தது. மார்ச்சு மாதம் முடிவதற்குள் அதனைச் செலவிட்டாக வேண்டும். விலைப்பட்டியலை மேசைமேல் விரித்தேன். எவற்றிற்குக் கழிவு மிகுதியோ அவற்றைக் குறித்து அனுப்பினேன். நூல்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. அலமாரிகள் நிறைந்தன, என் மனமும் நிறைந்தது. ஒரு வாரம் சென்றபின் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "சார், தேனீயைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டான். அவன் தந்தை இரப்பர்த் தோட்டங்களில் தேன்கூட்டுப் பெட்டி வைத்துப் பிழைப்பவர். மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பெயர் பெற்றது; அப்பெயர் நிலைத்திருப்பது அத்தகையோரின் உழைப்பினாலன்றோ? அலமாரி அலமாரியாகத் தேடினேன். அத்தனை நூல்களுள் அவன் கேட்ட ஒன்று இல்லை. வாங்கும்பொழுது நான் ஒருவரையும் கேட்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்பிழை எனக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து நாட்டில் 1850ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. நகர மன்றங்கள் நூலகத்திற்கென ஒரு சிறு வரி தண்டலாம் என்று அச்சட்டம் இசைவளித்தது. ஆயினும் வியப்பைக் கேளுங்கள்! அவ்வரிப் பணத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பலாம், நூல் வாங்கலாகாது. நூல்களை வள்ளல்கள் நன்கொடையாக ஈவர் என்று சட்டம் இயற்றியோர் எண்ணினர். நன்கொடையாக வருவது பெரும்பாலும் கொடுப்பவருக்கு வேண்டாத நூலே. படிப்பவருக்கு வேண்டிய நூல் அருகியே வரும். ஐந்தாண்டுகளுக்குள், 1855இல், அக்குறை திருத்தப்பெற்றது. வரிப்பணத்தில் நூல் வாங்கும் உரிமை வந்தபோதுதான் எதை வாங்குவது என்னும் வினாவும் உடன் பிறந்தது.

நம் சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் தொடக்கமும் இவ்வாறே அமைந்தது. இங்கிலாந்தில் ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகையெனக் கழிக்கப்பட்ட நூல்களுட் சில கப்பலேறிச் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றைக் கொண்டு அங்கு அமைந்த சிறு நூலகமே, பின்னர் 1896இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற கன்னிமாரா நூலகமாக வளர்ந்தது. பிறர் வேண்டாமென்று விட்டவை நமக்கு வித்தாயின! இன்று அந்நூலகத்தின் பணி வேறு. 1954ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பெற்றுக் காக்கும் நூலகங்களுள் அஃது ஒன்று. அங்கே தேர்வுக்கு இடமில்லை. வருவதெல்லாம் காக்கப்பெற வேண்டும். சிற்றூர் நூலகமோ அத்தகையதன்று. அதன் அலமாரி இரண்டு. அதன் வாசகர் சில நூற்றுவர். அவ்விரண்டு அலமாரிகளில் எது நிற்க வேண்டும் என்பதே தேர்வு என்னும் கலை.

இக்கலைக்கு நெறி வகுத்தவர் நம் தமிழ்நாட்டவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும். சீகாழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று மீண்டார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலக நூலகங்களுக்கு அடிப்படையாக உள்ளன. நூல் இருப்பது பயன்படுவதற்கு என்பது அவற்றின் முதற்கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் வாய்க்க வேண்டும். நூல் தேர்வு முழுவதும் இவ்விரு கருத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. முதலாவதைப் போற்ற வேண்டுமாயின் வாசகரை அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாவதைப் போற்ற நூல்களை அறிந்திருத்தல் வேண்டும். என் பள்ளியில் நான் இரண்டையும் அறியாது விலையை மட்டும் அறிந்திருந்தேன்.

அரங்கநாதன் போன்றோரின் நெடுநாள் முயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக விளங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற் சட்டம். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி தண்டப்பெற்றது. காலப்போக்கில் நூல்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் பொறுப்பு மாநில அளவிலான தேர்வுக் குழுவிடம் அமைந்தது. பதிப்பாளர் ஒரு படியைப் பார்வைக்கு அனுப்புவர். தேர்வு பெற்ற நூல் நூற்றுக்கணக்கான படிகளாக வாங்கப்பெற்று மாவட்டங்களுக்குப் பங்கிடப்பெறும். இது தலைநகரிலிருந்து ஊரை நோக்கி வரும் வழி.

அக்காலத்தில் நம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தன. அங்கே வழி வேறாக இருந்தது. திருவனந்தபுரத்தில் 1829ஆம் ஆண்டிலேயே நூலகம் தோன்றியதாயினும், ஊர்ப்புறங்களில் வாசகசாலைகளை நடத்தியவர் அவ்வவ்வூர் மக்களே. 1945இல் பி. என். பணிக்கர் அவர்களின் முயற்சியால் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் கண்டன. ஊரார் தேர்ந்தெடுக்கும் குழு நூலகத்தை நடத்தும். அரசின் உதவித்தொகையைப் பெற்று வேண்டிய நூல்களை அக்குழுவே வாங்கும். இன்றும் கேரள மாநிலத்தில் இம்மரபு நிலைத்துள்ளது. இஃது ஊரிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் வழி.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதன்பின் ஆணைக்குழுவும் நூலக வரியும் நமக்கும் உரியனவாயின. ஒரு வழியில் வாழ்ந்தவர் மற்றொரு வழிக்கு வந்தனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு நம் மாவட்டத்தாருக்கு இயல்பாகவே அமைந்துள்ளது.

அரசின் வழியால் விளைந்த நன்மை சிறிதன்று. வரி உள்ளவரை நூலகத்திற்கு வருவாய் உண்டு. வள்ளலின் மனநிலையை எதிர்நோக்க வேண்டுவதில்லை. விற்பனை குறைந்த அறிவியல் நூலும் ஆய்வு நூலும் சிற்றூர் அலமாரியை எட்டுகின்றன. ஆனால் கிருட்டிணகிரிக்குச் செல்லும் கட்டும் கருங்கல்லுக்கு வரும் கட்டும் ஒன்றாகவே இருந்தால், கடலோர மீனவரின் தேவையும், இரப்பர்ப் பால் வடிப்பவரின் தேவையும், விளவங்கோட்டில் தமிழும் மலையாளமும் ஒருங்கே படிப்பவரின் தேவையும் அக்கட்டில் எவ்வாறு இடம்பெறும்? ஊராரின் வழியோ இத்தேவைகளை அறியும். எனினும் குழுவில் அமர்ந்தோரின் விருப்பமே ஊரின் விருப்பமாகிவிடும் இடர் அதற்கு உண்டு. எல்லாரும் கேட்கும் நூல்களை மட்டும் வாங்கினால், ஒருவர்கூடக் கேட்க அறியாத, ஆனால் கிடைத்தால் ஒருவர் வாழ்வையே மாற்றவல்ல நூல் வெளியில் நின்றுவிடும். ஆதலின் நூலை அறிந்தவரும் வேண்டும். வாசகரை அறிந்தவரும் வேண்டும். ஒருவர் மற்றவரைக் கேளாத இடத்தில் தேர்வு பிழைக்கிறது.

தேர்வு செய்வது என்பது விலக்குவதுமாகும். பொதுப்பணத்தில் ஒரு நூலை விலக்குபவர் அதன் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர். 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நூல் கொள்முதலில் வெளிப்படைத்தன்மைக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒளிவுமறைவின்றித் தேர்வு நடைபெற வேண்டும் என்னும் நெடுநாள் வேட்கையின் விளைவு அது. கொள்கை தாளில் இருந்தால் போதாது. கேட்பவர் இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு.

கேட்க வேண்டியவர் நீங்களே. உங்கள் பெற்றோர் செலுத்தும் வீட்டு வரியில் நூலகத்தின் பங்கும் அடங்கியுள்ளது. நூலகத்தில் வேண்டிய நூல் இல்லையெனில் வாளா திரும்பிவிடாதீர்கள். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள். வாசகர் வட்டத்தில் எடுத்துரையுங்கள். எழுதிக் கேட்கப்படாத தேவை மேலிடத்திற்கு எட்டுவதில்லை.

நானும் மறுஆண்டு முதல் எங்கள் நூலக வாயிலில் ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் முதல் வரியில் தேனீ நூலை எழுதியவன் அந்த மாணவனே. நூல் வந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். வீட்டிற்கு எடுத்துச் சென்றவன் இரு வாரங்கள் திருப்பித் தரவில்லை. காரணம் கேட்டேன். "அப்பா இன்னும் படித்து முடிக்கவில்லை, சார்" என்றான். தாமதக் கட்டணம் எதுவும் நான் கேட்கவில்லை.