காய்கறிகளைப் புட்டியில் அடைத்துப் பாதுகாத்தல்

காற்றுப் புகாத புட்டியில் உணவை இட்டு, சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர் உருவாக்கினார். இதற்காக 1810இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்பதை லூயி பாஸ்டர் பின்னரே விளக்கினார்.

1858இல் அமெரிக்கரான ஜான் மேசன் திருகு மூடிச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இம்முறை வீடுகளில் பரவியது. ஆனால் கொதிநீரின் வெப்பம் சுமார் 100 பாகை செல்சியசைத் தாண்டாது. பீன்ஸ், மக்காச்சோளம் போன்ற புளிப்புக் குறைந்த காய்கறிகளில் குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அச்சூட்டிலும் பிழைத்து, காற்றில்லாத புட்டிக்குள் முளைத்து, உயிர்கொல்லும் நஞ்சை உண்டாக்கக்கூடும். நிறமோ மணமோ மாறாமலும் போகலாம்.

1917இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, இத்தகைய காய்கறிகளுக்கு அழுத்தக் கலனே பாதுகாப்பானது என அறிவித்தது. அதனுள் வெப்பம் 116 பாகை அளவுக்கு உயர்வதால், உரிய நேரம் வைத்தால் வித்துகள் அழியும்.