உலமாவின் ஓலம்

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்ரகமுவ மாகாணம். மலைச்சரிவுகளில் தேயிலையும், தாழ்ந்த குன்றுகளில் இறப்பரும், அவற்றுக்கு அப்பால் மழைக்காடும் பரந்து கிடக்கும் பூமி அது. இறப்பர்த் தோட்டத்தில் பொழுது விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். ஆதலால் லயங்களில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருள் பிரியாத வேளையிலேயே எழுந்து, பிரட்டுக்களத்தை நோக்கி நடப்பது வழக்கம். அந்நேரத்தில் காட்டின் பக்கமிருந்து சிற்சில நாட்களில் ஓர் ஓலம் எழும். பெண்ணொருத்தி நெஞ்சு வெடிக்கக் கதறுவது போல் உயர்ந்து, நடுங்கி, தேய்ந்து மறையும். கேட்டவர் பலர், எழுப்பியது யாதெனக் கண்டவர் இலர்.

சிங்களக் கிராம மக்கள் இவ்வோலத்துக்கு உரிய பறவையை உலமா என்பர். ஆங்கிலேயர் அதனைப் பேய்ப்பறவை என்று எழுதி வைத்தனர். உலமா பிறந்த கதையும் நாட்டு வழக்கில் உண்டு. மனைவியின் கற்பில் ஐயுற்ற கணவன் ஒருவன், அவள் வெளியே சென்றிருந்த வேளையில் குழந்தையைக் கொன்று, கறியாக்கி, திரும்பி வந்தவளுக்குப் படைத்தானாம். உண்ணும்போது சிறு விரலொன்று கையில் தட்டுப்பட, அவள் பித்தேறிக் காட்டுக்குள் ஓடினாளாம். தெய்வங்கள் இரங்கி அவளைப் பறவையாக்கினவாம். அன்று முதல் அவள் பிள்ளையைத் தேடி அலறுகிறாள் என்பதே கதை. அவ்வலறல் கேட்ட இடத்தில் சாவு நேரும் என்பது நம்பிக்கை.

தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்து குடியேறிய மக்களுக்கு இந்நம்பிக்கை புதிதன்று. சாக்குருவி கத்தினால் சாவு வரும் என்ற அச்சத்தை அவர்கள் ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தனர். ஆந்தை எத்தனை முறை அலறுகிறது என்று எண்ணிப் பலன் சொல்லும் வழக்கமும் தமிழரிடையே இருந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், சங்க இலக்கியத்திலேயே கூகைக்கு இடமுண்டு. புறநானூற்றில் பாடல் பாடிய புலவருள் ஒருவர் கூகைக்கோழியார் என்ற பெயராலேயே வழங்கப்படுகிறார். நற்றிணைப் பாடலொன்றில், இரவில் குழறி அச்சமூட்ட வேண்டாம் என்று தோழி கூகையை வேண்டி, அதற்கு நல்ல உணவும் தருவதாகக் கூறுகிறாள். ஆகவே சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தொழிலாளரும் மொழியால் வேறுபட்டிருந்தாலும், இரவில் ஒரே குரலுக்கு அஞ்சினர்.

இம்மர்மத்தைத் துலக்க அறிஞர்கள் முயலாமல் இல்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியான தம் நூலில் பேய்ப்பறவையைப் பற்றி எழுதினார். அது பழுப்புக் காட்டாந்தை என்பது அக்காலத்தில் நிலவிய கருத்து. குருநாகலில் பணியாற்றிய மிற்போர்ட் என்ற அதிகாரி இதனை ஏற்கவில்லை. அவர் அக்குரலை மனிதக் கதறலோடு ஒப்பிட்டு எழுதினார். பின்னர் பக்கிக்குருவி, தேன்பருந்து, கொண்டைக் கழுகு என ஒவ்வொருவர் ஒவ்வொரு பறவையைச் சுட்டினர். குற்றவாளி யாரென்று தெரியாத ஊரில் ஒவ்வொருவர் மீதும் ஐயம் விழுவதைப் போன்ற நிலை அது.

இக்குழப்பத்துக்குக் காரணம் எளியது. குரல் எழுவது இருளில். பறவை இருப்பது உயர்ந்த மரக்கிளையில். ஒலி வந்த திசையில் விளக்கை நீட்டினாலோ துப்பாக்கியால் சுட்டாலோ அகப்படுவது அருகிலிருந்த வேறொரு பறவையாக இருக்கலாம். குரலையும் உருவத்தையும் ஒரே கணத்தில் இணைத்துக் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. இன்று பறவை நூலார் பெரும்பாலும் சுட்டுவது காட்டுக் கொம்பன் ஆந்தையை. இமயமலைச் சாரல் முதல் தென்கிழக்கு ஆசியா வரையிலும், இலங்கையிலும் வாழும் இவ்வாந்தை இரண்டடி உயரம் வரை வளரும். முயலையும் பெரிய பறவைகளையும் பற்றித் தின்னும் வலிமை வாய்ந்தது. ஆழ்ந்த குழறலோடு, ஏறி இறங்கும் நீண்ட அலறலும் அதன் குரலில் உண்டு. எனினும், நாட்டு மக்கள் உலமா என்று அஞ்சிய குரல்கள் எல்லாம் ஒரே பறவையின் குரல்கள்தாமா என்பது விவாதத்துக்கு உரியதே.

ஒரு குரலைக் கொண்டு பறவையைக் கண்டறிய முடியும் என்பதற்குச் சப்ரகமுவக் காடே பின்னர்ச் சான்று தந்தது. கேகாலை மாவட்டத்தில் களனி கங்கைக் கரையில் உள்ள கித்துல்கல, 1957இல் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ என்ற திரைப்படம் எடுக்கப்பட்ட இடமாகப் பலரும் அறிந்தது. அங்குள்ள மழைக்காட்டில் 1995இல் தீபால் வாரக்காகொட என்ற இலங்கைப் பறவையியலார், தாம் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலொன்றைக் கேட்டார். அறிந்த ஆந்தை எதன் குரலோடும் அது பொருந்தவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் குரல் மட்டுமே அதன் அடையாளமாக இருந்தது. 2001 ஜனவரி 23ஆம் நாள் சிங்கராஜ வனத்தில் அவர் அதனை நேரில் கண்டார். ஒரு சாண் அளவினதான, செம்பழுப்பு நிறமுடைய சிற்றாந்தை அது. 2004இல் அவரும் பமேலா ராஸ்முசனும் அதனைப் புதிய இனமாக அறிவித்தனர். 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதற் புதிய பறவையினம் அதுவே. 1970களில் சிங்கராஜ வனம் மரத்துக்காக வெட்டப்பட்டபோது அதனைக் காக்கப் போராடிய தில்லோ ஹொப்மனின் பெயர் அதன் அறிவியற் பெயரில் சேர்க்கப்பட்டது. காடு அழிந்திருந்தால் அக்குரலும் அறியப்படாமலே அழிந்திருக்கக் கூடும்.

அவ்வாறாயின், உலமா கத்தினால் சாவு வரும் என்ற நம்பிக்கை எவ்வாறு நிலைத்தது? மக்கள் மூடர் என்று கூறி ஒதுக்குவது நேர்மையன்று. மருத்துவம் எட்டாத பழைய நாட்களில் கிராமத்திலும் லயத்திலும் சாவு அடிக்கடி வந்தது. ஓலம் கேட்டபின் எவரும் இறவாத இரவுகள் மறந்து போயின. இறந்த ஓர் இரவு மட்டும் நினைவில் நின்று கதையாயிற்று.

கேகாலை மாவட்டத்தின் வரலாற்றில் இதற்குக் கசப்பான பாடமொன்று உண்டு. 1934இல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் குட்டைகள் தேங்கின. அவற்றில் நுளம்புகள் பெருகின. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. அங்கு நிவாரணப் பணி செய்த என். எம். பெரேரா, 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அந்நோயைச் சுமந்து வந்த உயிர் மரத்தில் இருந்து அலறவில்லை. காதருகே மெல்ல இரைந்து, கடித்துவிட்டுப் பறந்தது. அஞ்சத்தக்கது எது என்பதை மனிதர் ஒலியின் அளவைக் கொண்டு தீர்மானித்தால் இவ்வாறே ஏமாற நேரும். நுளம்பை அறிந்து எதிர்த்த பின்னரே மலேரியா அடங்கியது. 2016இல் உலகச் சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எந்த ஆந்தையையும் விரட்டியதால் வந்த பயன் அன்று அது.

சகுனப் பழியால் ஆந்தைகள் கல்லெறிக்கும் வேட்டுக்கும் இரையாவது இன்னும் முற்றாக நின்றபாடில்லை. எலியைப் பிடித்துத் தின்று பயிரையும் நெல்லையும் காக்கும் இனம், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறது. அதன் உறைவிடமான தாழ்நில மழைக்காடோ துண்டு துண்டாகச் சுருங்கிவிட்டது.

பிள்ளையை இழந்த தாயின் கதை பொய்யென்று தள்ளப்பட வேண்டியதில்லை. ஐயத்தினால் ஒரு குடும்பம் அழிந்த கொடுமையைத் தலைமுறைகள் மறவாதிருக்க அது உதவியது. அந்தக் கதையைக் கதையாகப் போற்றி, பறவையைப் பறவையாக வாழவிடுவதே முறை. சப்ரகமுவத் தோட்டமொன்றில் பால்வெட்டுக்குப் புறப்படும் ஒருவருக்கு விடியற்காலையில் அவ்வோலம் கேட்டால், அது ஒருவர் வீட்டுச் சாவுக்கான அறிவிப்பு அன்று. அடுத்துள்ள மலையில் அவ்வாந்தை வாழுமளவுக்குக் காடு இன்னும் எஞ்சியிருக்கிறது என்ற நற்செய்தியே அது.