எங்கள் வாசலும் எல்லைக் கோடுகளும்

எமது பாடசாலையின் கட்டடங்கள் எழுந்த வரலாறும் அதிபர்களின் வரிசையும் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. நாம் எழுத எடுத்துக்கொண்டது வாசலின் வரலாறு. தரம் 1க்கான தற்காலிகப் பெயர்ப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும் நாளில் டிக்கோயாவிலும் ஹட்டனிலும் எழும் வாக்குவாதங்களை இங்கு வாழ்ந்த எவரும் அறிவர். "என் பிள்ளைக்கு ஏன் இல்லை, அந்தப் பிள்ளைக்கு எப்படி?" என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுப் பழக்கம் உண்டு.

முதல் எல்லை தோட்டத்தின் எல்லைதான். ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கிடைக்கச் செய்வது தோட்டத் துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கடமை இருந்தது, அக்கறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. ஒரே அறை, ஒரே வாத்தியார், நாலைந்து வகுப்பு, அதன்பின் பெயர் பதிந்து மலைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். 1945இல் நாடு முழுவதற்கும் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்கு வரவில்லை. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் அவை வெளியே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையாகிய பிறகு, 1970களின் இறுதியில்தான் அவற்றின் கதவு திறந்தது. அதுவரை நகரத்துப் பாடசாலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கணக்கப்பிள்ளை, கிளாக்கர், டீமேக்கர், கடை முதலாளி வீட்டுப் பெண்கள். கொழுந்தெடுக்கும் தாயின் மகள் எம்முடன் ஒரே வாங்கில் இருந்தது அபூர்வம்.

இப்போது தோட்ட எல்லைக்குப் பதிலாகப் புள்ளித் திட்டம் இருக்கிறது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி, அண்மையில் வசிப்போருக்கு நூற்றுக்கு 50, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15 என இடங்கள் பிரிகின்றன. எஞ்சியவை கல்வித் துறையினர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருக்கு. அண்மை வசிப்பிடத்துக்கு வீட்டை நடுவில் வைத்து, விண்ணப்பித்த பாடசாலை வரை ஒரு வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் ஆரம்பப் பிரிவுள்ள வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும்.

காகிதத்தில் நேர்மையான கணக்கு. எங்கள் மலையில் அது என்ன செய்கிறது? லயத்துக்குக் கீழே ஆசிரியர் பற்றாக்குறையோடு ஒரு தோட்டப் பாடசாலை இருந்தால் அதுவும் "அருகிலுள்ள பாடசாலை"தான்; அதற்காகவே அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குறையும். ஆறு, காடு போன்ற தடை இருந்தால் கழிக்க வேண்டாம் என்ற சலுகை உண்டென்றாலும், தேயிலைச் சரிவைத் தடை என்று யார் ஏற்பார்கள்? பெற்றோருக்கும் நேர்முகக் குழுவுக்கும் நடக்கும் பிணக்கில் பாதி இந்த இடத்தில்தான்.

மீதிப் பாதி காகிதத்தில். வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் தொடர்ந்து பெயர் இருக்க வேண்டும். வீட்டு உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது? இடாப்பின் கதை இன்னும் கசப்பானது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்களிடமிருந்து, 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் மறு வருடத் தேர்தல் திருத்தமும் வாக்கைப் பறித்தன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களே மிச்சம் கிடந்த கணக்கைத் தீர்த்தன. அரசே எந்த இடாப்பிலிருந்து பாட்டியின் பெயரை வெட்டியதோ, அதே இடாப்பைப் பேத்தியின் படிப்புக்குச் சான்றாகக் கேட்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நாம் சொல்லவில்லை. ஆனாலும் கொழும்பில் அமர்ந்து எழுதியவர்களுக்கு இது தோன்றாதது வியப்பல்ல.

அனுமதிச் சுற்றுநிருபம் நியாயமா என்று பெற்றோர் நீதிமன்றம் போனதும் உண்டு. 2007இல் உயர் நீதிமன்றம் அப்போதைய சுற்றுநிருபத்தை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரைக்கு முரணானது எனத் தள்ளியது. அதன்பின் வந்தவற்றிலும் பழைய மாணவர் பங்கு நீடிக்கிறது.

அந்த 25 வீதம் எமக்குரிய பங்கு. இம்மலரில் இதை எழுதாமல் விடுவது முறையல்ல. தாய் இங்கு படித்தாள் என்பதற்கும், பழைய மாணவியர் சங்கத்தில் அங்கத்தவராயிருப்பதற்கும்கூட, புள்ளி உண்டு. 1970களுக்கு முன் உள்ளே வர முடியாதவளின் மகளுக்கு அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. அவள் மகளுக்கும் இல்லை. பழைய கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகப் போட்டது போலிருக்கிறது. எம் சகோதரிகளில் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். தாய் படித்த இடத்தில் மகள் படிப்பது பாடசாலையின் உயிர், நன்கொடைகளும் அந்தப் பற்றால்தான் வருகின்றன என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. விளையாட்டு மைதானமும் நூலகமும் காற்றில் முளைப்பதில்லை. எனினும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் உள்ள எம் தோழியரின் பிள்ளைகளுக்கு இந்த இடங்கள் தேவைப்படப் போவதில்லை. டிக்கோயாவில் இருப்போருக்கே தேவை. அவர்களிலும் பலருக்கு வீட்டு அண்மையே போதும்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் எழுதுவினைஞர்களும் எம்மில் நிறையப் பேர். வருடாவருடம் தேருநர் இடாப்புப் படிவம் வரும் வேளையில் லயங்களுக்குப் போய், கிராம உத்தியோகத்தரிடம் அது சரியாகச் சேரும் வரை உடனிருக்க அவர்களால் முடியும். ஐந்து வருடப் பதிவு கேட்கப்படுவதால், பிள்ளைக்கு ஐந்து வயதானபின் ஓடித் திரிவதில் பலனில்லை. பிள்ளைக் காம்பராவின் தொட்டிலில் அது கிடக்கும்போதே தாயின் பெயரும் தகப்பனின் பெயரும் இடாப்பில் ஏறியிருக்க வேண்டும்.