போகி

கோல்ஃபில் ஒரு குழிக்கு வகுத்த அடிக்கணக்கு 'பார்'. சமம் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. அதைவிட ஓர் அடி கூடினால் 'போகி'. மார்கழிக் கடைசியில் வரும் நம் போகிக்கும் இதற்கும் உறவில்லை.

1890-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹியூ ராதரம் என்பவர், நல்ல ஆட்டக்காரர் பிழையின்றி ஆடினால் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி ஆகும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கோடு மோதித் திணறியவர்கள், அப்போதைய மேடைப் பாட்டொன்றில் வந்த, பிடிபடாத பூச்சாண்டியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஆக, போகி முதலில் நல்ல ஆட்டத்தின் அளவு! பின்னாளில் அமெரிக்காவில் பார் இறுக்கமாக, போகி ஓர் அடி பின்தங்கியது.

எனக்குப் பிடித்தது அந்தப் பழைய மரியாதைதான். 18 குழி, பார் 72 என்றால், குழிக்கொரு போகி 90 ஆகும். நூற்றைத் தாண்டியே நிற்பவருக்கு அருமையான இலக்கு அது. பார் 4 குழியில் மூன்றாவது அடியில் குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனை எட்டி, இரண்டு தட்டில் பந்தை உள்ளே விட்டால் போதும். 72-க்கு ஏங்காதீர்கள், ஆட்ட அட்டையில் ஒவ்வொரு குழியின் பாரோடும் ஒன்று கூட்டி எழுதிக்கொண்டு ஆடுங்கள்.