பதக்கத்தில் இருக்கும் வருஷம்: ஒரு திருத்தம்



சென்ற பொங்கல் விழாவில், என் பழைய நாணயங்களோடு ஒரு ஜெர்மன் ராணுவப் பதக்கத்தையும் மேஜைமேல் வைத்திருந்தேன். பலர் பார்த்திருப்பீர்கள். சிலுவை வடிவம், கறுப்பு நடுப்பகுதி, வெள்ளி விளிம்பு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் அங்கே பழைய பொருள் சந்தையில் வாங்கியது. பின்புறம் 1813 என்று இருந்ததால், "இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு" என்று குழந்தைகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு பையன், "தாத்தா, முன்பக்கம் 1914னு போட்டிருக்கே?" என்று கேட்டான். "அது கொடுத்த வருஷம்பா" என்று சமாளித்தேன். இரண்டு பதிலுமே தவறு. அதைத் திருத்தவே இந்தக் கட்டுரை.

இதன் பெயர் இரும்புச் சிலுவை. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1813 மார்ச் 10 அன்று இதை ஏற்படுத்தினார். பதவி வேறுபாடு இல்லாமல் சாதாரணச் சிப்பாய்க்கும் கிடைக்கக்கூடிய விருது என்பது அன்று பெரிய விஷயம். பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் போர் வந்தபோதெல்லாம் இதைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த ஆண்டு முன்பக்கத்தில் வரும். இரண்டாம் வகுப்புப் பதக்கத்தின் பின்பக்கத்தில் 1813 அப்படியே இருக்கும். 1918இல் கொடுத்த பதக்கத்திலும் 1914தான்.

பாஸ்புக் அட்டையில் வங்கி தொடங்கிய ஆண்டு அச்சாகியிருந்தால், அதை நம் கணக்கு தொடங்கிய தேதி என்று யாரும் நினைப்பதில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்த நான் நினைத்துவிட்டேன்!

சரி, செய்தவர் யார்? முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் 50 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டது. பல தனியார் நிறுவனங்கள் செய்து கொடுத்தன. ரிப்பன் கோக்கும் வளையத்தில் சிலர் பொடி எழுத்தில் முத்திரை போட்டார்கள். பெர்லினின் சை - வாக்னர் நிறுவனத்துக்கு 'எஸ்-டபிள்யூ'. முத்திரையே இல்லாதவையும் ஏராளம். என்னுடையதும் அப்படித்தான். முத்திரை இல்லை என்பதால் போலி என்று ஆகிவிடாது. போலி செய்பவருக்கு முத்திரை குத்துவது சுலபமான வேலை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவனங்களுக்கு எண் கொடுத்தார்கள். லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் - லுக் நிறுவனத்துக்கு 4. அதே நிறுவனம் போருக்குப் பிறகும் பதக்கம் செய்தது. 1957 சட்டப்படி நாஜிச் சின்னம் இல்லாத புது வடிவங்கள் வந்தபோது அவற்றையும் செய்தது. ஆகவே செய்தவர் பெயர் தெரிந்தாலும் வயது தெரிந்துவிடாது.

முத்திரை இல்லாதபோது செய்முறையைத்தான் பார்க்க வேண்டும். காந்தம் வைத்தேன், நடுப்பகுதி ஒட்டியது, அதாவது இரும்பு. விளிம்பைச் சுற்றி இரண்டு வெள்ளிச் சட்டங்கள் சேரும் கோடு லென்ஸில் தெரிந்தது. மலிவான போலிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். அடுத்து, கிரீடம், எழுத்து, எண் இவற்றின் வடிவத்தை முத்திரை உள்ள பதக்கங்களின் படங்களோடு ஒப்பிட வேண்டும். செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரி அட்டையோடு ஒப்பிடுவோமே, அதே வேலை. ஆனால் ஒருவர் செய்த நடுப்பகுதியை இன்னொருவர் வாங்கிப் பொருத்துவதும் உண்டு; எனவே வடிவம் ஒத்துப்போனாலும் அதைச் சான்றாக மட்டும் கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

கடைசியாக ரிப்பன். தெரிந்தவர் கடையில் இருக்கும் கள்ளநோட்டு விளக்கின் கீழ் வைத்தேன். வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தன. பிற்காலத் துணிகளில் சேர்க்கும் வெண்மையூட்டி அது. ரிப்பன் பின்னால் மாற்றப்பட்டது.

ஆக, என் முடிவு இவ்வளவுதான். 1914 வகை, முறைப்படி மூன்று பாகமாகச் செய்தது, ரிப்பன் புதிது, செய்தவர் தெரியவில்லை. போருக்குப் பிறகு, தொலைத்தவர்களுக்காக நகைக்கடைகள் செய்து விற்றதாகவும் இருக்கலாம். கையெழுத்து சரியாகத் தெரியாத செக்கை நான் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. இதையும் செய்ய மாட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு மேஜைமேல் இதன் பக்கத்தில் ஒரு அட்டை இருக்கும். அதில் 'செய்தவர்: தெரியவில்லை. அணிந்தவர்: தெரியவில்லை' என்று எழுதியிருப்பேன். கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு என் நன்றி.