முண்டாசு: சில 'தலை'யாய சேதிகள்

இப்ப பொண்ணுங்க மத்தியில ஒரு ஃபேஷன் ஓடிட்டிருக்கு, கவனிச்சீங்களா? முடியை அள்ளி உச்சியில கொண்டை போட்டு, பூப்போட்ட துணியை அதைச் சுத்தி இறுக்கி, நெத்திக்கு மேல ஒரு முடிச்சு. 'விண்டேஜ் டர்பன்'னு பேராம். 1940கள்ல, உலகப்போர் சமயத்துல, ஆம்பளைங்க போர்முனைக்குப் போயிட, இங்கிலாந்து, அமெரிக்கா தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பெண்கள், மெஷின்ல முடி சிக்கிடக் கூடாதுன்னு கட்டினது. உசுருக்குப் பயந்து கட்டினது இன்னைக்கு அழகுக்குக் கட்டுறதா ஆயிடுச்சு.

இதுக்கு லண்டன் வரைக்கும் போவானேன்? காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவாசி போற ரோட்டுல எங்க பெருநகர் பக்கம் ஒரு நடவு சமயத்துல வந்து பாருங்க. புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. வெயிலுக்கு ஆச்சு, தூசிக்கு ஆச்சு, கட்டு தூக்கணும்னா அதையே சுருட்டி வச்சா சும்மாடு ஆச்சு. இதுக்கு யாரும் விண்டேஜ்னு பேர் வைக்கல :-)

நிற்க. இந்தப் பதிவு அழகுக் குறிப்பு இல்ல. தலையில துணி கட்டுறதுல இவ்வளவு சரித்திரமான்னு எனக்கே மலைப்பா இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

பேரையே எடுத்துக்கோங்க. தலைப்பா, தலைப்பாகை, முண்டாசு, உருமால், கோயில்ல கட்டினா பரிவட்டம். ஒரே துணிதான், ஆனா கட்டுற கை யாரு, கட்டிக்கிற தலை யாருங்கறதைப் பொறுத்து பேரு மாறும், மரியாதையும் மாறும். அப்பா செத்த கருமாதி அன்னைக்கு மாமன் மச்சான் முறைக்காரங்க மகனுக்குத் தலைப்பா கட்டுவாங்க. இனிமே குடும்பத்துக்கு இவன்தான்னு ஊர் முன்னால சொல்றது அது. திருவிழா வந்தா வீட்டுக்கு இவ்வளவுன்னு போடுற வரிக்கு 'தலைக்கட்டு வரி'ன்னு பேரு. கோயில்ல முதல் பரிவட்டம் யாருக்குன்னு கோர்ட்டு வாசல் வரைக்கும் போன கதைகள் தமிழ்நாட்டுல எக்கச்சக்கம். மூணு முழத் துணிக்கா இந்த அக்கப்போர்னு கேக்கக் கூடாது. அது துணிக்கான சண்டை இல்ல.

இது புரியாத ஒரு கூட்டம் 1805ல மெட்ராஸ் கோட்டைல உக்காந்திருந்துச்சு. அங்கதான் விஷயம் சூடு பிடிக்குது.

கும்பெனிப் படையோட தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக். கவர்னர் வில்லியம் பெண்டிங். பட்டாளம் எல்லாம் ஒரே மாதிரி மிடுக்கா இருக்கணும்னு ஆசை வந்துச்சு. சீருடையில இருக்கும்போது சிப்பாய்ங்க நெத்தியில சாதி, சமயக் குறி வைக்கக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை மழிக்கணும்னு உத்தரவு. கூடவே ஒரு புதுத் தலைப்பாகை. தலைப்பாகைன்னு பேருதான், பாக்குறதுக்குத் தொப்பி மாதிரி. முன்னால தோல்ல செஞ்ச ஒரு குஞ்சம் வேற. அது மாட்டுத்தோலா பன்னித்தோலான்னு பேச்சு கிளம்புச்சு. இந்துவுக்கும் ஆகல, முஸ்லிமுக்கும் ஆகல.

அந்தக் காலத்துல வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர்ல 'தொப்பிக்காரன்'னே பேரு. அப்ப தொப்பியைப் போட்டுக்கிட்டு ஊருக்குப் போனா என்ன சொல்லுவாங்க? மதம் மாறிட்டான்னு சொல்லுவாங்க. பொண்ணு குடுக்க மாட்டாங்க, பந்தியில சேக்க மாட்டாங்க. சம்பளம் குடுக்கிறவன் சொன்னான்னு தலையை மாத்திக்கிட்டா, சொந்த ஊர்ல தலை காட்ட முடியாது. இதுதான் அந்த சிப்பாயோட நிலைமை.

1806 மே மாசம் வேலூர்க் கோட்டைல இருந்த பட்டாளத்துல சிலர் புதுத் தலைப்பாகையைத் தொட மாட்டோம்னுட்டாங்க. ராணுவ விசாரணை நடந்துச்சு. சவுக்கடி குடுத்து வேலையை விட்டே துரத்தினாங்க. அப்படித் துரத்தப்பட்டவங்கள்ல ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்தும் அப்ப கும்பெனியோட பெரிய ராணுவ முகாம்தான். அங்கயும் இதே தலைப்பாகையால புகைச்சல் இருந்துச்சு. இன்னைக்கு அந்த ஊர் வழியா பஸ்ல போறவங்க எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல.

ஜூலை 10, விடியறதுக்கு முன்னாலயே வேலூர்ல வெடிச்சிருச்சு. கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட அதிகாரிங்க பலரும், 69வது ரெஜிமெண்ட் வெள்ளைக்கார சிப்பாய்ங்க நூத்துக்கு மேலயும் செத்தாங்க. கோட்டைக்குள்ள சிறை மாதிரி வச்சிருந்த திப்பு சுல்தானோட பிள்ளைகளை முன்னிறுத்தி, மைசூர்க் கொடியும் ஏறிடுச்சு. ஆனா ஆற்காட்டுலேர்ந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து சேர்ந்ததும் அன்னைக்கே எல்லாம் முடிஞ்சு போச்சு. பிடிபட்டவங்களை சுவரோரமா நிக்க வச்சு சுட்டாங்க. செத்த நம்ம சிப்பாய்ங்க சுமார் 350 பேர்னு கணக்கு சொல்றாங்க.

தலைப்பாகை மட்டுமா காரணம்? இல்லதான். சம்பளம், அவமரியாதை, திப்பு குடும்பத்தோட பகைன்னு எல்லாம் சேர்ந்ததுதான். அதுக்காக "தலைப்பாகை வெறும் சாக்கு"ன்னு சிலர் எழுதுறதை என்னால ஏத்துக்க முடியல. கும்பெனியே அந்தத் தலைப்பாகை உத்தரவை உடனே வாபஸ் வாங்குச்சு. மறுவருஷம் பெண்டிங், கிரடாக் ரெண்டு பேரையும் லண்டனுக்குத் திருப்பி அழைச்சாங்க. வெறும் சாக்குக்கா ஒரு கவர்னர் வேலை போகும்? 1857க்கு 51 வருஷம் முந்தி நடந்த இதுக்கு, 2006ல தபால்தலை போட்டாங்க. அதுக்கே 200 வருஷம் ஆச்சு!

அப்புறம் உத்தியோகஸ்தர் தலைப்பாகை ஒண்ணு இருக்கு. கோட்டு மேல, குடுமியை உள்ள மறைச்சு. நோபல் பரிசு வாங்கின சர் சி.வி.ராமன், திருத்தணியில பிறந்த ராதாகிருஷ்ணன்னு படத்துல பாத்தாலே ஞாபகம் வர்ற தலைகள். இதுல பெருசா சண்டை இல்ல, சுருக்கமா தாண்டிடலாம்.

பாரதி கதை வேற. 1898ல காசிக்குப் போனவர் அங்க குடுமியை எடுத்துட்டு, மீசை வச்சு, தலைப்பாகை கட்டிக்கிட்டார். அந்தக் காலத்து பிராமண இளைஞனுக்கு இது மூணுமே ஆசாரக் கேடு. இன்னைக்கு எல்லா பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியிலயும் பசங்க கட்டிக்கிற அந்த முண்டாசு, வீட்டுப் பெரியவங்க முகம் சுளிச்ச முண்டாசு. இவர் தானா விரும்பி எடுத்த குடுமியை, 1914ல லண்டன் கப்பல் ஏறுறதுக்காக எடுக்க வேண்டி வந்தவர் கணிதமேதை ராமானுஜன். அவருக்கு அது பெரிய வேதனை.

தானா எடுக்கிறதுக்கும் எடுக்க வைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ம கிராமங்கள்ல துண்டுதான் நல்லா காட்டும். ஆண்டை எதிர்ல வந்தா சேரிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்புலயோ கக்கத்துலயோ வச்சுக்கணும். தமிழ்நாடு பூராவும் இருந்த வழக்கம் இது. வேலூர் சிப்பாய்க்குக் கட்டச் சொல்லி உத்தரவு, இவருக்கு அவிழ்க்கச் சொல்லி உத்தரவு. இங்க உத்தரவு போட்டது கும்பெனி இல்ல, நம்ம ஆளுங்கதான். 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் மாவட்டத்துல ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் போட்டாங்க. ஹட்டன் தன்னோட சாதி பத்தின புத்தகத்துல பதிவு பண்ணியிருக்கார். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழ வேட்டி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, பொம்பளைங்க பூ வைக்கக் கூடாது. அதுல ஒண்ணு, தலைமுடியை கிராப்பு வெட்டிக்கக் கூடாது. மீறினவங்களோட குடிசைங்களைக் கொளுத்தினாங்க.

துண்டை அவிழ்க்காம நடந்து போனதுக்காக அடி வாங்கினவங்க பேரெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. உங்க ஊர்ப் பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. முதல்ல சிரிச்சு மழுப்புவாங்க. கொஞ்சம் பொறுமையா பக்கத்துல உக்காந்தா, எந்த வருஷம், எந்தத் தெரு முனைங்கற வரைக்கும் சொல்லுவாங்க.